திரியும் கம்பியும்

மாலையில் விளக்கேற்றும் வழக்கமுள்ள வீடுகளில் வளர்ந்தவர் எவருக்கும் ஒரு நெடி நன்கு தெரிந்திருக்கும். எண்ணெய் நிறைந்திருக்கும்வரை திரி எவ்வளவு நேரம் எரிந்தாலும் கருகிப்போவதில்லை. அதன் நுனி மாத்திரமே சற்றுக் கறுத்திருக்கும். எண்ணெய் வற்றிவிட்டாலோ, சில நிமிடங்களில் திரியே எரியத் தொடங்கிவிடுகிறது. அப்பொழுது எழும் கார நெடி அடுத்த அறையில் இருப்பவரையும் எழுந்து வரச் செய்யும். "விளக்குக்கு எண்ணெய் விடு" என்று பாட்டியார் குரல் கொடுப்பது கண்ணாற் கண்டன்று, மூக்கால் அறிந்தே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகப் புதியதொரு கருவி. ஆயினும், அதன் நன்மை தீமைகளிற் பெரும்பகுதி இந்தப் பழைய விளக்குத் திரியிலேயே அடங்கியிருக்கிறது.

அக்கருவி மின்சிகரட் எனப்படுவது. அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று பற்றரி, மற்றொன்று திரவம் வைக்கும் சிறு கலம், மூன்றாவது, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் உறுப்பு. ஆங்கிலத்தில் அற்றோமைசர் எனப்படும் இம்மூன்றாவது உறுப்பை நாம் ஆவியாக்கி என்று அழைப்போம். திரவமாவது புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரீனும் கலந்த கலவை. அதிலே சிறிதளவு நிக்கொற்றீனும் சுவைப்பொருளும் சேர்க்கப்படுகின்றன. இக்கருவியிலிருந்து வெண்மையாக வெளிவருவதைப் புகை என்று சொல்வது வழக்கமாயினும், அது புகையன்று. கேத்தலின் மூக்கிலிருந்து வெளிவரும் நீராவி குளிர்ந்த காற்றிற் பட்டு நுண்ணிய துளிகளாகி வெண்மேகம்போலத் தோன்றுகிறதல்லவா? அவ்வாறே சூடான ஆவி காற்றிற் குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய மூடுபனியே இது. எரிதல் என்னும் செயல் இங்கே நிகழக்கூடாது. அது நிகழாமற் காப்பதே ஆவியாக்கியை அமைப்பவனுடைய முழுக் கவலையுமாகும்.

புகையிலையை எரிக்காமல் புகைக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹேபேட் கில்பேட் என்பவர் புகையற்ற சிகரட் ஒன்றை வகுத்து 1963ஆம் ஆண்டு ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1965இல் உரிமையும் கிடைத்தது. ஆனால் அக்கருவி சந்தைக்கு வந்து நிலைபெறவில்லை. பின்னர் 2003ஆம் ஆண்டளவில் சீனநாட்டு மருந்தாளரான ஹொன் லிக் என்பவர் இன்றைய கருவிக்கு வழிகோலினார். அவர் முதலில் வகுத்தது செவிக்கெட்டாத ஒலியதிர்வினால் திரவத்தைத் துளிகளாகச் சிதறச் செய்யும் முறையாகும். காலப்போக்கில் அம்முறை பின்தங்கியது. மின்சாரத்தாற் சூடேறும் கம்பிச்சுருளே எங்கும் பரவியது.

அப்பொழுதுதான் வீட்டுப் பட்டறைகள் இக்கதைக்குள் நுழைகின்றன. முதலில் விற்பனைக்கு வந்த கருவிகள் வெள்ளைச் சிகரட்டின் உருவத்திலேயே செய்யப்பட்டிருந்தன. அவற்றின் பற்றரி சிறியது, விரைவில் ஓய்ந்துவிடும். திரவம் கசியும், சிலவேளை சுருளுக்குத் திரவம் எட்டாமற் கருகல் வாடை வீசும். சிகரட்டைக் கைவிட எண்ணி இக்கருவியை வாங்கியவர், இரண்டு நாளில் மனம் சலித்துப் பழைய சிகரட்டுக்கே திரும்பிவிடுவதும் உண்டு. ஆதலால் 2008ஆம் ஆண்டை அடுத்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும், கைத்திறனுள்ள சிலர் தாமே இக்கருவியைச் செய்துகொள்ளத் தொடங்கினர். ரோச் லைற்றின் உலோகக் கூடு பற்றரிக்கு உறையாயிற்று. கண்ணாடியிழைக் கயிறு திரியாயிற்று. மின்னடுப்புக்கு உரிய தடைக்கம்பி, ஆணியொன்றின்மீது சுற்றப்பட்டுச் சுருளாயிற்று. இவர்களிற் பலர் விளையாட்டுக்காக இதனைச் செய்தவரல்லர். பல்லாண்டு புகைத்து இருமல் கண்டவர்கள், கருவி ஒழுங்காக இயங்கினால் தாம் பிழைக்கலாம் என்று நம்பிச் செய்தவர்கள். எனவே அவர்கள் கைவேலையை நாம் இகழ்தற்கில்லை. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை மாத்திரம் ஆராய்வோம்.

முதலிற் கம்பியைப் பார்ப்போம். செம்புக்கம்பி இதற்கு உதவாது. அதன் தடை மிகக் குறைவு. வேண்டியது, மின்னோட்டத்தை எதிர்த்துச் சூடேறவும், சூடேறியபின் காற்றில் துருவாகி உதிராதிருக்கவும் வல்ல கலப்புலோகம். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்குரோம் 1906இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது. இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகிய மூன்றும் கலந்த காந்தால் என்னும் கம்பி 1931இல் சுவீடன் நாட்டில் தோன்றியது. மின்னடுப்புக்கும் உலைக்கும் பிறந்த இவ்விரண்டுமே இன்று மனிதன் வாயருகே வந்து சேர்ந்திருக்கின்றன.

காந்தால் கம்பியை எடுத்துக்கொள்வோம். விட்டம் 0.32 மில்லிமீற்றர் உள்ள அக்கம்பியின் தடை, மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 18 ஓம். பத்துச் சென்ரிமீற்றர் எடுத்தால் 1.8 ஓம். முழுதும் ஏற்றிய இலிதியப் பற்றரி ஒன்று 4.2 வோல்ற் தரும். பாடசாலையில் நாம் கற்ற ஓமின் விதிப்படி அச்சுருளினூடே 2.3 அம்பியர் ஓடும். வெப்பமாக மாறும் வலு ஏறக்குறைய 10 வாற். இதுவரை கணக்கு எளிது. ஆனால் தடையும் வலுவும் ஒத்திருந்தாற் போதும், இரு சுருள்கள் ஒரே தன்மையன என்று எண்ணுவோர் ஏமாறுவர். 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய கம்பியிலே அதே 1.8 ஓமைப் பெற நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமே போதும். முன்னைய கம்பியின் மேற்பரப்பு 100 சதுர மில்லிமீற்றர். பின்னையதன் மேற்பரப்போ 25 மாத்திரமே. அதே 10 வாற் வெப்பம் நாலில் ஒரு பங்கு பரப்பின் வழியாக வெளியேறவேண்டியிருக்கிறது. ஆகவே மெல்லிய கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரி நான்கு மடங்கு கடுமையான சூட்டைத் தாங்கவேண்டும். தடைமானி இரண்டுக்கும் ஒரே எண்ணையே காட்டும். திரியோ வேறுபாட்டை உடனே உணரும்.

திரியின் வேலை விளக்குத் திரியின் வேலையேயாம். நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகத் திரவம் தானே ஏறுகிறது. ஆனால் கிளிசரீன் தடிப்பானது. தேன்போல மெல்ல நகரும். திரவம் திரியில் ஏறும் வேகமும், சுருள் அதனை ஆவியாக்கும் வேகமும் ஒத்திருக்கவேண்டும். புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும் கிளிசரீன் 290 பாகையிலும் கொதிக்கின்றன. கம்பியைச் சூழத் திரவம் இருக்கும்வரை, கொடுக்கும் வெப்பமெல்லாம் அதனை ஆவியாக்குவதிற் செலவாகிறது. சூடு கட்டுக்கு மீறுவதில்லை. திரவம் வற்றிய கணத்திலேயே கம்பியின் சூடு பலமடங்கு வேகத்தில் ஏறுகிறது. அப்பொழுது எஞ்சிய கிளிசரீன் ஆவியாவதை விட்டுச் சிதைகிறது. போமல்டிகைட்டு, அக்குரோலீன் என்னும் நச்சுப்பொருள்கள் அச்சிதைவிலே தோன்றுவன. பஞ்சுத் திரியாயின் அதுவும் உடன் கருகும்.

இதனை அறிந்த கைவினைஞர் திரியை வகைவகையாக மாற்றிப் பார்த்தனர். கண்ணாடியிழை கருகாது, ஆனால் திரவத்தை மெல்லவே ஏற்றும். பஞ்சு விரைவாக ஏற்றும், வற்றினாற் கருகும். துருவேறா உருக்கு வலையைச் சுருட்டித் திரியாக வைத்தவரும் உளர். உலோகத் திரி, மின்சாரம் பாயும் சுருளைத் தொட்டாற் குறுக்குப் பாய்ச்சல் ஏற்படுமே என்பதற்காக, அவ்வலையைத் தீயிலே காய்ச்சி அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உண்டாக்கினர். படலம் ஓரிடத்திற் கீறினாலும் அவ்விடத்தில் மின்சாரம் வலைக்குள் பாய, சுருளின் ஒரு வளையம் மாத்திரம் தனியே செந்தணலாகும். பஞ்சைச் சுருளுக்குள் நெருக்கித் திணித்தால் திரவம் ஏறாது. தளர வைத்தால் திரவம் பெருகிக் கசியும். இவ்வளவும் ஒரு கைவிரல் நுனியளவு இடத்தில் நிகழும் போராட்டம் என்பதை நினைத்தால் அவர்கள் பொறுமையை வியக்கத்தான் வேண்டும்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். நெறியான கைவினைஞன் முதலிற் தடைமானியைத் தொடுகிறான். கணக்கும் அளவும் ஒவ்வாவிடில் மேலே போவதில்லை. அடுத்து, திரியும் திரவமும் இல்லாத வெறுஞ்சுருளுக்கு ஒரு கணம் மாத்திரம் மின்சாரம் கொடுத்து, நடுவிலிருந்து இருபுறமும் சீராக ஒளிர்கிறதா என்று பார்க்கிறான். அதன்பின் திரியை இட்டுத் திரவத்தில் நனைத்து வாயில் வைத்து இழுத்துப் பார்க்கிறான். இங்கேதான் நான் நேயர்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். இதுவரை மானியும் கண்ணும் சோதித்தன. இப்பொழுது சோதனைக் குழாயின் இடத்திலே அவனுடைய சுவாசப்பை வந்து அமர்ந்துவிட்டது.

ஆய்வுகூடங்களில் இவ்வாறு செய்வதில்லை. அங்கே இயந்திரம் இழுக்கிறது. ஓர் இழுப்புக்கு 55 மில்லிலீற்றர் காற்று, அதற்கு மூன்று விநாடி, முப்பது விநாடிக்கு ஓர் இழுப்பு என்பது 2015ஆம் ஆண்டு முதல் வகுக்கப்பட்ட முறை. வீட்டுப் பட்டறையில் இயந்திரம் இல்லையே என்பர். மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்றும், மில்லிகிராமைக் காட்டும் தராசு ஒன்றும் இருந்தாற் பாதி இயந்திரம் கைக்கு வந்துவிட்டது. ஆவியாக்கியை நிறுத்து, ஊசிக்குழாயினாற் பத்து முறை இழுத்து, மீண்டும் நிறுத்தால், ஆவியாய்ப் போன திரவத்தின் எடை தெரிந்துவிடும். வலுவைச் சிறிது சிறிதாக உயர்த்தி இதனையே திரும்பச் செய்யவேண்டும். வலு ஏற ஏற எடையிழப்பும் ஏறினால் திரி சுருளுக்கு ஈடுகொடுக்கிறது. வலு ஏறியும் எடையிழப்பு ஏறாது நின்றுவிட்டால், மிகுதி வெப்பம் ஆவியாக்குவதிற் செலவாகவில்லை என்பது பொருள். விளக்கில் எண்ணெய் வற்றத் தொடங்கிவிட்டது. நாவுக்குத் தெரியுமுன்னரே தராசு அதனைச் சொல்லிவிடுகிறது. ஒரு முறைக்கு ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும் என்பது இங்கே மறவாத விதி. கம்பியையும் திரியையும் காற்றுத் துளையையும் ஒருங்கே மாற்றியவன், எதனால் எது விளைந்தது என்று ஒருநாளும் அறியமாட்டான்.

இதன் உண்மையை 2015ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வாதம் விளக்கும். அவ்வாண்டு தை மாதம், அமெரிக்காவின் போட்லண்ட் அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்சிகரட்டொன்றை 3.3 வோல்ற்றில் இயக்கியபோது போமல்டிகைட்டுச் சேர்மங்கள் காணப்படவில்லை என்றும், 5 வோல்ற்றில் இயக்கியபோது மிகுதியாகக் காணப்பட்டன என்றும் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் எழுதினர். உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. கிரேக்க மருத்துவரான கொன்ஸ்ரன்ரீனோஸ் பர்சலீனோஸ் என்பவரும் அவருடைய துணைவரும் அதே ஆண்டு வேறொரு வகையிற் சோதித்தனர். கையால் திரியிடத்தக்க இரண்டு ஒரேவகை ஆவியாக்கிகளை எடுத்து, ஒன்றுக்கு ஒற்றைத் திரியும் மற்றதற்கு இரட்டைத் திரியும் இட்டனர். பழகிய பயனாளர் எழுவர் அவற்றை இழுத்துப் பார்த்தனர். ஒற்றைத் திரியுள்ளதை 9 வாற்றுக்கு உயர்த்தியபோது எல்லோரும் கருகற் சுவையை உணர்ந்து முகஞ்சுளித்தனர். இரட்டைத் திரியுள்ளது 10 வாற்றிலும் கருகவில்லை. வேதியியல் அளவும் அதற்கு ஒத்திருந்தது. இரட்டைத் திரியில் பத்து இழுப்புக்குப் போமல்டிகைட்டு ஏறக்குறைய 11 மைக்கிரோகிராமுக்கு மேற்படவில்லை. ஒற்றைத் திரி கருகியபோது அது ஏறக்குறைய 345 மைக்கிரோகிராமாகப் பெருகியது. திரவமும் கம்பியும் ஒன்றே. வேறுபட்டது ஒரு திரி. ஆகவே நஞ்சு உண்டா இல்லையா என்ற வினாவுக்கு மின்சிகரட் என்னும் பெயர் விடை சொல்லாது. அதனை அமைத்த கையே விடை சொல்லும்.

இதைக் கேட்ட கைவினைஞன் மகிழ்ச்சியடையலாம். "பாருங்கள், நாவே போதுமான மானி, கருகினாற் காறித் துப்பிவிடுகிறோம்" என்று அவன் சொல்லலாம். பாட்டியார் மூக்கால் எண்ணெய் வற்றியதை அறிந்ததுபோல இதுவும் ஓரளவு உண்மையே. ஆனால் நாவுக்குத் தெரியாத தீமைகளும் உள. அவற்றில் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, உலோகம். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், நாள்தோறும் மின்சிகரட் புகைக்கும் 56 பேருடைய கருவிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். போத்தலில் இருந்த திரவத்திலே மிகச் சிறிதளவாயிருந்த ஈயம், நிக்கல், குரோமியம் முதலியன, சுருளைத் தொட்டு ஆவியாகி வெளிவந்தபோது பெருகியிருந்தன. ஆவி இனிமையாகவே இருந்திருக்கும். ஈயத்துக்கு நாவிலே தனியொரு சுவையில்லை.

இரண்டாவது, சுவைப்பொருள். வெண்ணெய்ச் சுவை தரும் டையசெற்றில் என்னும் பொருளை உண்பதால் தீங்கில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலையொன்றின் முன்னாள் தொழிலாளர் எண்மருக்குச் சுவாசப்பையின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டிருப்பது தெரியவந்தது. அவர்கள் அதனை உண்டவரல்லர். அதன் ஆவியைச் சுவாசித்தவர். 2015இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் மின்சிகரட்டுக்குரிய 51 சுவைகளைச் சோதித்தபோது 39இல் இப்பொருள் இருக்கக் கண்டனர். வயிற்றுக்கு ஏற்றதெல்லாம் சுவாசப்பைக்கும் ஏற்றது என்று கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, மிகக் கொடியது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் இளைஞர் பலர் திடீரெனச் சுவாசப்பை வீங்கி மருத்துவமனைகளைச் சேர்ந்தனர். 2020ஆம் ஆண்டு மாசி மாதம்வரை கணக்கிடப்பட்டோர் 2,807 பேர். இறந்தோர் 68 பேர். ஆராய்ந்தபோது பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களே காரணம் எனவும், அவற்றைத் தடிப்பாக்குவதற்காகச் சேர்த்த விற்றமின் ஈ அசெற்றேற்று என்னும் எண்ணெய்ப் பொருளோடு இந்நோய் நெருங்கிய தொடர்புடையது எனவும் தெரிந்தது. அத்திரவங்கள் பெரும்பாலும் அங்காடியில் முறையாக வாங்கியவையல்ல. நண்பர் கையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவை. விற்றமின் என்பது மருந்துக்கடையில் விற்கும் நல்ல பொருளே; பூசினாலும் விழுங்கினாலும் கேடில்லை. சுவாசப்பையில் மாத்திரம் அது எமனாயிற்று. அதனை இழுத்தவர் எவருக்கும் நா எச்சரிக்கை செய்யவில்லை.

இவற்றோடு பற்றரியையும் மறந்துவிடலாகாது. மிகுந்த மேகம் வேண்டும் என்ற ஆசையாற் சிலர் சுருளின் தடையை 0.2 ஓம் வரை குறைப்பர். அப்பொழுது 4.2 வோல்ற் பற்றரியிலிருந்து 21 அம்பியர் பாயவேண்டும். பல கலங்கள் பாதுகாப்பாகத் தரத்தக்கது 10 அம்பியரளவே. வரம்பு மீறிய இலிதியக் கலம் சூடேறி வெடிக்கும். 2018இல் புளோரிடாவிலும் 2019இல் ரெக்சாசிலும் மின்சிகரட் வெடித்து ஒவ்வொருவர் உயிரிழந்தனர். ஓமின் விதியைக் கடதாசியில் எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாதவன் சுருளைச் சுற்றவே கூடாது.

ஆகவே, அன்பர்களே, இக்கைத்தொழிலின் சோதனைகள் மூன்று படியில் அமைகின்றன. மானியும் தராசும் அறிவன ஒரு படி, அவற்றை எவனும் தன் வீட்டிலே செய்யலாம், செய்யாதிருப்பது குற்றம். நாவும் மூக்கும் அறிவன அடுத்த படி. அவை கருகலைச் சொல்லும். அதற்கு மேற் சொல்லா. ஆய்வுகூடம் மாத்திரமே அறிவன மூன்றாம் படி. உலோகமும் சுவைப்பொருளின் கேடும் அங்கேதான் வெளிப்படும். முதலிரண்டு படிகளில் தேறிய கருவியை மூன்றாம் படியிலும் தேறியதாக எண்ணிக்கொள்வதே எல்லா விபத்துக்கும் வித்து. தன் உடலை ஒருவன் சோதனைக்கு வைப்பானாயின் அது அவன் பொறுப்பு. தான் செய்த ஆவியாக்கியையும் தான் கலந்த திரவத்தையும் நண்பனிடம் நீட்டி, "நான் இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது" என்று சொல்வானாயின், அது சோதனையாகாது, வெறும் சாட்சி மாத்திரமே. அச்சாட்சி பேசுவது நாவைப் பற்றி. தீர்ப்புப் பெறப்போவதோ சுவாசப்பை.

சிகரட்டை விட முயல்கின்றவர் இதனைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. எரியும் புகையிலை தரும் கேடு இதனிலும் பெரிது என்பதையும், நிக்கொற்றீன் உள்ள மின்சிகரட் சிலருக்குச் சிகரட்டை விட உதவியிருக்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்கள் மருத்துவரை நாடி வழி கேட்பது நன்று. ஆனால் இதுவரை புகையாத இளைஞர் ஒருவர், கம்பியும் பஞ்சும் சுற்றும் விநோதத்தில் ஈடுபட்டு இதைத் தொடுவாராயின், அவருக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றே. நிக்கொற்றீன் பழகியவரை எளிதில் விடாது. தடைக்கம்பி சுற்றும் ஆசை உண்மையாயின் அதைக்கொண்டு செய்யத்தக்க நல்ல கருவிகள் உலகிற் பல உண்டு.

எண்ணெய் வற்றிய விளக்கைக் கண்டால் எண்ணெய் விடுகிறோம், அல்லது அணைத்துவிடுகிறோம். எரியவிட்டுவிட்டு அதன் நெடி பழகிப்போகும் என்று இருப்பவர் எவருமில்லை. நெடியே இல்லாது வற்றும் விளக்கும் உண்டென்பதே இப்புதிய கருவி நமக்குக் கற்பிக்கும் பாடம். அத்தகைய விளக்குக்கு மூக்கு மாத்திரம் காவலாகாது. அளந்து பார்க்கும் அறிவும் காவலாக இருக்கவேண்டும்.